கம்போடியாவின் ‘வர்மன்’ அரசர்கள் பல்லவர் வழியினரா?

கேட்கப்பட்டது இது: “அங்கோர்வாட்டைக் கட்டிய சூரியவர்மன், அவனுக்கு முன்னும் பின்னும் வந்த ஜெயவர்மன்கள், இந்திரவர்மன்கள் எல்லாருடைய பெயரும் ‘வர்மன்’ என்றே முடிகிறது. இவர்கள் காஞ்சிப் பல்லவர் வழியில் வந்தவர்களா? 802 முதல் 1431 வரை ஒரே வம்சம்தான் ஆண்டதா?” பார்வைக்கு இரண்டு கேள்விகள். உண்மையில் கேட்கப்படுவது ஒன்றுதான்: அரசனின் பெயரை வைத்துக்கொண்டு அவன் பிறப்பைச் சொல்லிவிட முடியுமா? முடியாது. கெமர் (கம்போடிய) அரசர்கள் பல்லவரின் பிள்ளைகள் என்று சொல்லும் கல்வெட்டு எதுவும் கிடைக்கவில்லை. அவர்கள் ஒரே வம்சமும் அல்லர். ஆனால் தென்னாட்டோடு அவர்களுக்குத் தொடர்பே இல்லை என்று சொன்னால் அதுவும் பிழை. எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துக் காட்டினால்தான் இந்தக் கேள்விக்கு நியாயமான பதில் கிடைக்கும்.

முதலில் பெயரைப் பார்ப்போம். ‘வர்மம்’ என்றால் வடமொழியில் கவசம். கவசமாக நின்று காப்பவன் வர்மன். அந்தணர் பெயரோடு ‘சர்மன்’, அரசர் பெயரோடு ‘வர்மன்’ சேர்ப்பது தர்மசாஸ்திரம் சொல்லும் மரபு. கதம்பர் குலத்தைத் தொடங்கியவன் மயூரசர்மன் என்ற அந்தணன். ஆட்சிக்கு வந்த பிறகு அவனே மயூரவர்மன் ஆகிறான். பின்னொட்டு சொல்வது பதவியை, குடும்பத்தை அல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. கன்னோசியில் மௌகரி குலத்து ஈசானவர்மன், அசாமில் பாஸ்கரவர்மன், போர்னியோவின் கூத்தாயில் மூலவர்மன், மேற்கு ஜாவாவில் பூர்ணவர்மன், இன்றைய வியட்நாமில் இருந்த சம்பாவில் பத்ரவர்மன், 18ஆம் நூற்றாண்டில்கூட திருவிதாங்கூரில் மார்த்தாண்ட வர்மர். இவர்களையெல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று யாரும் சொல்வதில்லை. கம்போடியாவுக்கு மட்டும் அந்தத் தர்க்கம் மாறாது.

இணையத்தில் அதிகம் குழப்பப்படுவது இரண்டு மகேந்திரவர்மன்களை: ஒருவன் காஞ்சிப் பல்லவன், மற்றவன் கம்போடிய அரசன். இருவரும் ஏறத்தாழ ஒரே காலத்தவர்கள், கி.பி. 600-ஐ ஒட்டியவர்கள், ஆகவே குழப்பம் வருவது இயல்புதான். காஞ்சி மகேந்திரவர்மனின் தந்தை சிம்மவிஷ்ணு, மகன் மாமல்லன் நரசிம்மவர்மன். மீகோங் கரை மகேந்திரவர்மனோ, தன்னைத் தன் கல்வெட்டிலேயே தெளிவாக அறிமுகப்படுத்திக்கொள்கிறான்: சார்வபௌமனின் பேரன், வீரவர்மனின் மகன், பவவர்மனின் தம்பி, இயற்பெயர் சித்ரசேனன், பட்டமேற்றபோது சூடிய பெயர் மகேந்திரவர்மன். மீகோங் ஆற்றையும் இன்றைய வடகிழக்குத் தாய்லாந்தின் மூன் ஆற்றையும் ஒட்டி வென்ற இடங்களில் லிங்கம் நாட்டி அவன் வெட்டிய சிறு கல்வெட்டுகளில் இந்தத் தகவல் திரும்பத் திரும்ப வருகிறது. அவன் மகன் ஈசானவர்மன்; அவன் தலைநகரான ஈசானபுரம் இன்றைய சம்போர் பிரெய் குக். தந்தை வேறு, பாட்டன் வேறு, மகன் வேறு. பெயர் ஒன்று, ஆள் இரண்டு.

அப்படியானால் ‘பல்லவ எழுத்து’ என்கிறார்களே, அது என்ன? கம்போடியாவின் மிகப் பழைய கல்வெட்டுகள் தென்னிந்திய எழுத்து மரபைச் சேர்ந்தவை. இது உறுதி. இன்றைய கெமர் எழுத்து அதிலிருந்து வளர்ந்ததுதான். ஆனால் ‘பல்லவ எழுத்து’ என்பது பிற்கால ஆய்வாளர்கள் வைத்த பெயர். ஆந்திரக் கரையை ஆண்ட சாலங்காயனர், கன்னட நாட்டுக் கதம்பர் ஆகியோரின் எழுத்தும் அதே குடும்பம்தான். எழுத்து வணிகரோடும் அந்தணரோடும் போகும், துறவிகளோடும் போகும். அது போன இடத்துக்கெல்லாம் அரச குடும்பமும் போயிருக்க வேண்டும் என்பதில்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: 611-லேயே பழைய கெமர் மொழியில் ஆண்டு குறித்த கல்வெட்டு கிடைக்கிறது. எழுத்தை வாங்கிக்கொண்டு தங்கள் மொழியை எழுதினார்கள். அந்த அரசர்கள் வெட்டிய தமிழ்க் கல்வெட்டு ஒன்றுகூட இல்லை.

இதே தர்க்கத்தைத் திருப்பிப் போட்டு, “இரண்டாம் நந்திவர்மன் கம்போடியாவிலிருந்து காஞ்சிக்கு வந்தவன்” என்றும் பரவலாக எழுதுகிறார்கள். இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசின்றி இறந்தபின், ஹிரண்யவர்மனின் பன்னிரண்டு வயது மகன் பல்லவமல்லனை அழைத்துவந்து அரசனாக்கினார்கள் என்பது வைகுந்தப்பெருமாள் கோயில் சிற்ப வரிசையிலும் அதன் கீழுள்ள எழுத்திலும் இருக்கிறது. மலையும் ஆறும் காடும் கடந்து வந்தான் என்று இருக்கிறது. கசாக்குடிச் செப்பேடு அவனைச் சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மன் கிளையில் வைக்கிறது. இவற்றில் எங்கும் கம்போடியா என்ற பெயர் இல்லை. அந்தக் கிளை கடல் கடந்து வாழ்ந்தது என்பது சில அறிஞர்களின் ஊகம். ஊகமாகவே வைத்துக்கொண்டால் தவறில்லை. வரலாறு என்று எழுதுவதுதான் தவறு.

இனி அரசர் பட்டியலுக்கு வருவோம். “802–835 இரண்டாம் ஜெயவர்மன், 877–889 முதலாம் இந்திரவர்மன்” என்று நேர்கோட்டில் அச்சாகும் அந்தப் பட்டியலைக் கெமர் தலைநகரான அங்கோரில் யாரும் எழுதி வைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து எமோனியே, பார்த், பெர்கேய்ன், பிறகு ஜார்ஜ் சேதேஸ் போன்ற பிரெஞ்சு அறிஞர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளைத் துண்டு துண்டாகச் சேர்த்து உருவாக்கியது அது. ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ‘கே’ என்ற எழுத்தோடு ஒரு வரிசை எண் உண்டு. இணையத்தில் யாராவது கெமர் அரசரைப் பற்றி ஒரு தகவல் சொன்னால், முதலில் அந்த ‘கே’ எண்ணைக் கேளுங்கள். எண் இல்லாவிட்டால் அது எந்தக் கல்லில் இருக்கிறது என்று சரிபார்க்க வழியில்லை.

ஆண்டுக் கணக்கில் கை வழுக்குவது சுலபம். கல்வெட்டுகள் சக ஆண்டில் இருக்கும்; 78 கூட்டினால் கி.பி. ஆனால் சக ஆண்டு சித்திரையை ஒட்டித் தொடங்குவதால், தை, மாசி மாதத் தேதி என்றால் 79 கூட்ட வேண்டும். ஒரே நிகழ்ச்சிக்கு ஒரு நூலில் 1052 என்றும் இன்னொன்றில் 1053 என்றும் பார்ப்பது பெரும்பாலும் இதனால்தான். சமஸ்கிருதச் செய்யுளில் எண்ணை எண்ணாக எழுத மாட்டார்கள். வேதம் என்றால் 4, கண் என்றால் 2, மலை என்றால் 7. “வேதம், கண், மலை” என்று வந்தால் கடைசியிலிருந்து படிக்க வேண்டும்: 724. அதோடு 78, ஆக 802. முன்னிருந்து படித்தால் 427 ஆகி, மூன்று நூற்றாண்டு பின்னே போய்விடும். கெமர் மொழிப் பகுதிகளில் இலக்கமாகவே எழுதுவார்கள். சம்போரில் கிடைத்த ‘கே 127’ கல்லில் சக ஆண்டு 605, அதாவது கி.பி. 683, இருக்கிறது, நடுவிலுள்ள சுழியம் ஒரு புள்ளி. உலகில் ஆண்டோடு கிடைத்த மிகப் பழைய சுழியங்களில் அது ஒன்று. அந்தச் சின்னப் புள்ளியைப் பற்றிப் பேச ஒரு முழுக் கட்டுரை வேண்டும், இங்கே இடமில்லை.

‘இரண்டாம்’, ‘ஏழாம்’ என்ற எண்கள் நாம் போட்டவை. அவர்கள் காலத்தில் எல்லாரும் வெறும் ஜெயவர்மன்தான். எந்த ஜெயவர்மன் என்று கண்டுபிடிக்க உதவுவது இறந்தபின் சூட்டும் பெயர். நம் கல்வெட்டுகளில் ஆதித்த சோழனைத் ‘தொண்டைமானாற்றூர் துஞ்சின உடையார்’ என்றும் சுந்தர சோழனைப் ‘பொன்மாளிகைத் துஞ்சின தேவர்’ என்றும் சொல்வது நினைவுக்கு வரும். நாம் இறந்த இடத்தைச் சொன்னோம். அவர்கள் போய்ச் சேர்ந்த உலகத்தைச் சொன்னார்கள். இரண்டாம் ஜெயவர்மன் பரமேசுவரன், முதலாம் இந்திரவர்மன் ஈசுவரலோகன், முதலாம் யசோவர்மன் பரமசிவலோகன், முதலாம் சூரியவர்மன் நிர்வாணபதன், இரண்டாம் சூரியவர்மன் பரமவிஷ்ணுலோகன், ஏழாம் ஜெயவர்மன் மகாபரமசௌகதபதன். சௌகதம் என்றால் பௌத்தம். எந்தத் தெய்வத்தைச் சார்ந்தவன் என்பதும் இந்தப் பெயரிலேயே தெரிந்துவிடும்.

வம்சத்தின் தொடக்கமாகச் சொல்லப்படும் 802-ஐக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். மகேந்திரபர்வதம் எனப்பட்ட குலேன் மலையில், ஹிரண்யதாமன் என்ற அந்தணன் சடங்கு நடத்த, இரண்டாம் ஜெயவர்மன் சக்கரவர்த்தி ஆனான். கம்புஜ நாடு இனி ‘ஜவா’வுக்குக் கட்டுப்படாது என்பது அந்தச் சடங்கின் நோக்கம். இந்த விவரம் வருவது ஸ்டோக் காக் தோம் கல்வெட்டில், ‘கே 235’. 340 வரிகள், ஒரு பகுதி சமஸ்கிருதம், ஒரு பகுதி கெமர். கல் இருந்த கோயில் இன்று தாய்லாந்து எல்லைக்குள் இருக்கிறது. வெட்டப்பட்டது சக 974-இல், அதாவது சடங்கு நடந்து 250 ஆண்டு கழித்து! வெட்டியவன் அரசனும் அல்லன். ஜெயவர்மனின் புரோகிதனான சிவகைவல்யன் குடும்பத்தில் வந்த சதாசிவன் என்பவன், தன் குடும்பம் எந்தெந்த அரசனுக்குப் பணி செய்தது, எந்தெந்த ஊரில் நிலம் பெற்றது என்று எழுதி வைத்த ஆவணம் அது. நம் ஊர்ப் பழக்கத்தில் சொன்னால் மூலப்பத்திரம். மூலப்பத்திரத்தில் நிலத்தின் எல்லை சரியாக இருக்கும்; முன்னோர் பெருமையைக் கொஞ்சம் நிதானித்துத்தான் படிக்க வேண்டும். 802 என்ற ஆண்டுகூட இந்தக் கல்லில் இல்லை; வேறு பிற்காலக் கல்வெட்டுகளிலிருந்து எடுத்துச் சேர்த்தது. ஜெயவர்மன் காலத்தில் அவனே வெட்டிய கல்வெட்டில் இந்தச் சடங்கு பற்றி ஒரு சொல் கிடைக்கவில்லை.

ஆகவே, ஜெயவர்மன் என்ற அரசன் இருந்தான், இந்திரபுரம், ஹரிஹராலயம், அமரேந்திரபுரம், மகேந்திரபர்வதம் என்று ஊர் மாறி மாறி ஆண்டான், கடைசியில் ஹரிஹராலயம் திரும்பினான் என்பது ஏற்கத்தக்கது. குலேன் மலைமேல் பெரிய நகரம் இருந்ததை 2012-இல் வானிலிருந்து லேசர் கொண்டு செய்த லிடார் அளவீடு காட்டிவிட்டது. ‘ஜவா’ எது என்பது தீராத விவாதம். ஜாவாத் தீவு என்பார் சிலர், மலாய்த் தீபகற்பம் என்பார் சிலர், பக்கத்து வீடான சம்பா என்பாரும் உண்டு. அதே கல்வெட்டில் வரும் ‘தேவராஜன்’ விஷயமும் அப்படியே. அரசனையே கடவுளாக்கிய வழிபாடு என்று பள்ளிப் பாடம்வரை எழுதிவிட்டார்கள். கெமர்ப் பகுதியில் உள்ள சொல் ‘கம்ரதேங் ஜகத் த ராஜ’. உலகத்து இறைவர்களில் அரசராக இருப்பவர் என்று அதைப் படிக்கலாம். அரசனைக் காக்கும் ஒரு தெய்வம், எடுத்துச் செல்லக்கூடிய ஒரு திருமேனி. எனக்கு இந்த இரண்டாவது பொருளே பொருத்தமாகப் படுகிறது, ஏனென்றால் தலைநகர் மாறும்போதெல்லாம் அந்தத் தெய்வத்தையும் கொண்டுபோனார்கள் என்று அதே கல்வெட்டு சொல்கிறது.

ஒரே வம்சமா என்ற இரண்டாம் பாதிக்கு இப்போது விடை எளிது. 877-இல் பட்டத்துக்கு வந்த முதலாம் இந்திரவர்மன், ஜெயவர்மனின் மகனும் அல்லன், பேரனும் அல்லன். 879-இல் அவன் எழுப்பிய பிரா கோ கோயிலே ஒரு குடும்ப மரம். முன் வரிசையில் மூன்று கோபுரங்கள், பின் வரிசையில் மூன்று. முன்னால் நடுவில் ஜெயவர்மன். இருபுறமும் இந்திரவர்மனின் தந்தை பிருதிவீந்திரவர்மன், தாய்வழிப் பாட்டன் ருத்ரவர்மன். பின்னால் அவரவர் மனைவியர். தன் வீட்டாரை ஜெயவர்மனுக்கு இருபுறமும் நிறுத்தி, நானும் இந்த வரிசைதான் என்று கல்லில் சொல்கிறான். உரிமை தானாக வந்திருந்தால் இவ்வளவு பாடுபட்டிருக்கத் தேவையில்லை. அங்கோரின் புது அரசன் செய்யும் மூன்று வேலைகளுக்கும் வழி வகுத்தவன் இவன்தான்: மக்களுக்கு ஏரி, முன்னோருக்குக் கோயில், தனக்கு மலைக்கோயில். 3.8 கிலோமீட்டர் நீளமும் 800 மீட்டர் அகலமும் உள்ள இந்திரதடாகம், பிறகு பிரா கோ, 881-இல் பாகோங். மகன் யசோவர்மன் 889-இல் வந்து தலைநகரை இன்றைய அங்கோருக்கு மாற்றி, 7.5 கிலோமீட்டருக்கு 1.8 கிலோமீட்டர் என்று யசோதரதடாகம் வெட்டினான். தந்தைக்குப் பின் மகன் என்று நேராக வந்த மிகச் சில இடங்களில் இது ஒன்று.

அதன்பின் நான்காம் ஜெயவர்மன் அங்கோரை விட்டு வடகிழக்கே கோ கேரில் தனி நகரம் எழுப்பி, ஏழு அடுக்கில் சுமார் 36 மீட்டர் உயரப் பிரமிடு கட்டி ஆண்டான். அவன் உரிமை, யசோவர்மனின் சகோதரியை மணந்தது. 944-இல் அங்கோருக்குத் திரும்பிய ராஜேந்திரவர்மனின் தாயும் யசோவர்மனுக்கு உடன்பிறந்தாள் என்று பொதுவாகக் கொள்வார்கள். கவனியுங்கள், இரண்டு இடத்திலும் உரிமை பெண்வழியாக வருகிறது. தந்தை-மகன் வரிசையை எதிர்பார்த்துப் படிப்பவர்கள் இங்கேதான் வழி தவறுகிறார்கள். புரோகிதக் குடும்பங்களில்கூடப் பதவி மாமனிடமிருந்து சகோதரி மகனுக்குப் போனது. கேரளத்து மருமக்கத்தாயம் தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஆனால் கெமர் அரசர்களிடம் அது கட்டாய விதியாக இல்லை, பல உரிமைகளில் ஒன்றாகவே இருந்தது.

1002-ஐ ஒட்டி நிலைமை இன்னும் சிக்கல். ஜெயவீரவர்மன், முதலாம் சூரியவர்மன் என்று ஒரே நேரத்தில் இருவர் அரசர் என்கிறார்கள். அங்கோரில் முதலில் இருந்தவன் ஜெயவீரவர்மன். வென்றவன் சூரியவர்மன். வென்றபின் அவன் கல்வெட்டுகள் அவன் ஆட்சியை 1002-இலிருந்தே எண்ணத் தொடங்கிவிட்டன, இடையில் வேறொருவன் இருந்ததே இல்லை என்பதுபோல. 1011-இல் தன் அதிகாரிகளை வரிசையாக நிறுத்திச் சத்தியம் வாங்கி, அதைப் பெயர்களோடு அரண்மனை வாசலில் வெட்டி வைத்தான். வேறு அரசனை வணங்க மாட்டோம், போரில் உயிரைப் பெரிதாக எண்ண மாட்டோம், தவறினால் சூரியனும் சந்திரனும் உள்ளவரை நரகத்தில் பிறப்போம் என்பது அதன் சாரம். ‘சந்திராதித்தவரை’ என்று நம் கோயில் சுவர்களில் தானத்துக்குச் சொல்வதை அங்கே சாபத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள். இந்தச் சூரியவர்மனை மலாய் நாட்டு இளவரசன் என்று ஒரு காலத்தில் எழுதினார்கள். பிறகு சான்று இல்லை என்று கைவிட்டார்கள். ‘தமிழன்’ என்ற இன்றைய கூற்றும் அதே வகைப் பிழைதான்.

அங்கோர்வாட்டைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மன் வேறொரு கிளை. 1080-இல் ஆறாம் ஜெயவர்மனோடு மகீதரபுரக் குடும்பம் ஆட்சிக்கு வருகிறது. மூன் ஆற்றுச் சமவெளி, பிமாய் கோயில் பக்கம் அவர்கள் ஊர். சூரியவர்மனின் தந்தை க்ஷிதீந்திராதித்யன், தாய் நரேந்திரலட்சுமி என்று பெயர் தெளிவாகவே இருக்கிறது. ஆட்சியில் இருந்த தரணீந்திரவர்மனின் யானைமேல் பாய்ந்து, கருடன் பாம்பைக் கொல்வதுபோல் கொன்று 1113-இல் முடிசூடினான் என்று அவனைப் புகழும் கல்வெட்டே சொல்கிறது. கொல்லப்பட்டவன் அவன் பாட்டிவழி உறவு. அங்கோர்வாட்டுக்கு அடிக்கல் கல்வெட்டு கிடையாது. பிறகு எப்படி அவன் கட்டியது என்கிறோம்? தெற்குப் பிராகாரத்தின் மேற்குப் பாதிச் சிற்ப வரிசையில், பாம்பு வடிவக் கால் வைத்த ஆசனத்தில், குடைகளும் விசிறிகளும் சூழ அவன் அமர்ந்திருக்கிறான். அடுத்து யானைமேல் ஊர்வலம் போகும்போது அவனைச் சுற்றி 15 குடைகள். தளபதிகளுக்கு அதைவிடக் குறைவு. பக்கத்தில் சின்ன எழுத்தில் பெயர் வெட்டியிருக்கிறது, ‘பரமவிஷ்ணுலோகன்’ என்று. அது இறந்தபின் வைக்கும் பெயர். ஆகவே எழுத்து அவன் காலத்துக்குப் பின் வெட்டப்பட்டது என்பது பொதுவான கருத்து. உயிரோடிருக்கும்போதே அந்தப் பெயர் தீர்மானிக்கப்பட்டிருக்கலாம் என்பாரும் உண்டு.

ஏழாம் ஜெயவர்மன், 1181-இல் வந்தவன், எல்லாரையும்விட அதிகமாக எழுதி வைத்தவன். தாய்க்காக எழுப்பிய தா ப்ரோம் கோயிலின் 1186ஆம் ஆண்டுக் கல்வெட்டில் 3,140 ஊர்களும் 79,365 ஆட்களும் கோயில் பணிக்கு ஒதுக்கப்பட்ட கணக்கு இருக்கிறது. நாடெங்கும் 102 ஆரோக்கியசாலைகள் இருந்ததும் அதில்தான் தெரிகிறது. குடிகளின் நோய் தன் நோயைவிட அரசனுக்கு வலித்தது, ஏனெனில் நாட்டின் துயரமே அரசரின் துயரம் என்று அந்த மருத்துவமனைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. எத்தனை முறை படித்தாலும் மனத்தைத் தொடும் வரி அது. இவனும் மகீதரபுரக் குடும்பம்தான். ஆனால் இவன் தந்தை இரண்டாம் தரணீந்திரவர்மன் அங்கோரில் அரியணை ஏறினானா என்பது ஐயத்துக்குரியது. 1177-இல் சம்பா படை கப்பலில் வந்து அங்கோரைச் சூறையாடியது என்ற புகழ்பெற்ற செய்தி சீன நூல்களிலிருந்து வருவது. வரலாற்றாசிரியர் மைக்கேல் விக்கரி போன்றோர் அதைக் கேள்விக்கு உட்படுத்தியிருக்கிறார்கள்.

வாரிசுரிமை நடைமுறையில் எப்படி இருந்தது என்பதற்கு 1295-ஐப் பாருங்கள். அடுத்த ஆண்டு வந்த சீனத் தூதுக் குழுவில் இருந்த சௌ தாகுவான் எழுதுகிறார்: இப்போதைய அரசர் பழைய அரசரின் மருமகன், மகள் தந்தையின் தங்க வாளை எடுத்துக் கணவனிடம் கொடுத்துவிட்டாள், மகன் படை திரட்டப் பார்த்தான், புது அரசர் அவன் கால்விரல்களை வெட்டி இருட்டறையில் அடைத்தார். அந்தப் புது அரசன் ஸ்ரீந்திரவர்மன். அவன் காலத்துக் கல்வெட்டு இதே மாற்றத்தை வேறு குரலில் சொல்கிறது: பல வெண்குடைகள் ஒருசேர நிழல் தந்தபோதும் வெயிலில் வாடிய பூமி, இப்போது ஒரே குடையின் கீழ் வாடவில்லை. ஒன்று ஊருக்கு வந்தவன் காதில் விழுந்த பேச்சு, மற்றொன்று அரண்மனையின் வாக்கு. ‘பல குடைகள்’ என்று கல்வெட்டே ஒத்துக்கொள்வதால், சண்டை நடந்தது உறுதி. வாளும் கால்விரலும் அந்த அளவுக்கு உறுதி அல்ல.

‘வர்மன்’ பெயரோடு சமஸ்கிருதத்தில் கடைசியாகத் தெரியும் அரசன் 1327-இல் பட்டமேற்ற ஜெயவர்மாதிபரமேசுவரன். அதன்பின் கல்வெட்டு வரிசை ஓய்கிறது. மன்னர் வரலாறு என்று பின்னால் எழுதப்பட்ட ஏடுகள் அதற்கும் சில பத்தாண்டுகள் கழித்துத்தான் தொடங்குகின்றன. இரண்டையும் இணைக்கும் பாலம் இல்லை. இன்றைய தாய்லாந்தில் இருந்த அயுத்தயா அரசின் படையெடுப்புக்குச் சொல்லும் 1431-ம் அந்தப் பிற்கால ஏடுகளை ஒப்பிட்டுப் பெற்ற ஆண்டு. நகரம் அன்றே காலியானது என்றும் கொள்ளக்கூடாது. இன்றைய அரச குடும்பம் தன் உரிமையைக் கணக்கிடுவது 19ஆம் நூற்றாண்டு மன்னர் அங் துவோங்கிலிருந்து: 1993 அரசியல் சட்டப்படி, அரசராக வருபவர் அங் துவோங், நரோத்தம், சிசோவாத் ஆகிய மன்னர்களில் ஒருவரின் வழித்தோன்றலாகவும் 30 வயதாவது நிரம்பியவராகவும் இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தைப் பிறப்பித்த மன்னரின் முழுப்பெயர் நரோத்தம் சிகானூக் வர்மன். ‘வர்மன்’ அங்கே மீண்டும் மரியாதைப் பெயராக வருகிறது.

தென்னாட்டுத் தொடர்பு என்று உறுதியாகக் காட்டக்கூடியவை எவை? அங்கோர் அரச குடும்பத்தில் இந்திய அந்தணர் பெண் எடுத்ததற்குச் சான்று உண்டு, ஆனால் ஐந்தாம் ஜெயவர்மனின் சகோதரி இந்திரலட்சுமியை மணந்த திவாகரபட்டர் யமுனைக் கரையில் பிறந்தவர். இந்திரவர்மனின் குரு சிவசோமர் ‘பகவான் சங்கரரிடம்’ கற்றதாக ஒரு கல்வெட்டு சொல்கிறது. அது ஆதிசங்கரரா என்பது கேள்விதான். காலம் பொருந்தலாம் என்பதற்கு மேல் சொல்ல இயலாது. இதைவிட வலுவான சான்று 967-இல் குடமுழுக்கு கண்ட பாந்தியாய் ஸ்ரீ கோயிலில் இருக்கிறது. வாயில் முகப்பில் சிவன் ஆடுகிறார். கீழே ஒரு மூலையில் எலும்பும் தோலுமாக, தளர்ந்த மார்போடு ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். பெயர் வெட்டப்படவில்லை. ஆனால் ஆடும் சிவனின் காலடியில் இப்படி அமர்ந்த பேயுருவம் நம் காரைக்கால் அம்மையார்தான் என்பதை அறிஞர்கள் பெரும்பாலும் ஏற்கிறார்கள். அரச இரத்தத்தைவிட இது பெரிய உறவு என்பேன்.

அரசருக்கு அரசர் உறவும் இருந்தது, உறவினராக அல்ல, நண்பராக. முதலாம் ராஜேந்திர சோழனின் எட்டாம் ஆண்டில், 1020-ஐ ஒட்டி வெளியான கரந்தைச் செப்பேடு, காம்போஜ அரசன் தன் ஆட்சியைக் காத்துக்கொள்ளும் பொருட்டு நட்பு நாடி, பகைவர் படையை வென்ற தன் தேரையே ராஜேந்திரனுக்கு அனுப்பினான் என்கிறது. வடமொழி இலக்கியத்தில் காம்போஜம் வடமேற்கே குதிரைக்குப் பேர்போன நாடு. கெமர்கள் தங்கள் நாட்டைக் ‘கம்புஜம்’ என்பார்கள். அதனால் ஒரு தயக்கம் இருக்கலாம். காலமும் சூழலும் பார்த்து, பெரும்பாலோர் இதை முதலாம் சூரியவர்மன் என்றே கொள்கிறார்கள். அடுத்த நூற்றாண்டில் குலோத்துங்கன் காலத்துச் சிதம்பரம் கல்வெட்டு, காம்போஜ அரசன் சோழனுக்குக் காட்சியாகக் காட்டிய ஒரு கல்லைப் பற்றிப் பேசுகிறது. அரசன் திருவாய் மலர்ந்தருளியபடி அந்தக் கல்லைத் தில்லைக் கோயிலில் எதிரம்பலத்து வரிசையில் பதித்தார்கள் என்று, எந்த வரிசை, எந்தப் பத்தி என்பதுவரை அதில் எழுதியிருக்கிறது.